முட்டை இல்லாமல் குரோக்கெட்: உடையாமல் பொரிப்பது எப்படி?

முட்டை சேர்க்காமல் குரோக்கெட் செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "முட்டைக்குப் பதிலாக என்ன போடுவது?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எதைப் போடலாம் என்று யோசிக்கும் முன், கிழங்கில் இருக்கும் தண்ணீரை எப்படி வெளியேற்றலாம் என்று யோசியுங்கள். உருளைக்கிழங்கின் எடையில் ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர். அந்த ஈரம் சூடான எண்ணெயில் ஆவியாகி, வெளியே வர வழி தேடி, மேலோட்டைப் பிளக்கிறது. உள்ளே முட்டை இருந்தால் ஓரளவு தாக்குப்பிடிக்கும். இல்லாதபோது, ஈரத்தைக் குறைக்காமல் எதைச் சேர்த்தாலும் பலன் பாதிதான்.

குரோக்கெட் என்பது பெரிய வித்தை இல்லை. மசித்த கிழங்கையோ கெட்டியான வெள்ளை சாஸையோ நீளவாக்கில் உருட்டி, பிரெட் தூளில் புரட்டிப் பொரிப்பது. ஸ்பெயினில் வெள்ளை சாஸில் ஹாம், மீன், கோழி சேர்த்துச் செய்வார்கள். ஜப்பானில் மசித்த உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும். நெதர்லாந்தில் இறைச்சிக் குழம்பை மாவால் இறுக்கி, ஆறவைத்து உருட்டுவார்கள். ரயிலில் காலையில் பிரெட்டோடு தரும் வெஜிடபிள் கட்லெட்டும் இதே குடும்பம்தான். அது தட்டையாக இருக்கும், அவ்வளவுதான்.

இவற்றைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும். ஸ்பெயின், ஜப்பான் முறைகளில் முட்டை பெரும்பாலும் வெளிப்பூச்சில் மட்டும்தான் வருகிறது. உள்ளே இருப்பதை மாவுச்சத்தே பிடித்துக்கொள்கிறது. பிரெஞ்சு முறை உருளைக்கிழங்கு குரோக்கெட்டில்தான் மஞ்சள் கரு உள்ளேயும் சேரும். நம் செட்டிநாட்டு கோலா உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கொத்துக்கறியைப் பொட்டுக்கடலை மாவால் இறுக்கி உருட்டி அப்படியே எண்ணெயில் போடுகிறோம். வாழைப்பூ கோலாவுக்கும் பருப்போ பொட்டுக்கடலையோதான் பிடிமானம். முட்டை இல்லாமல் உருட்டிப் பொரிக்கும் கைப்பழக்கம் நம் சமையலில் ஏற்கெனவே இருக்கிறது. அதைக் குரோக்கெட்டுக்குத் திருப்பிக்கொண்டால் போதும்.

ஆக, முட்டை செய்யும் வேலைகள் இரண்டு. உள்ளே கலவையைப் பிடித்துவைப்பது, வெளியே பிரெட் தூளை ஒட்டவைப்பது. இரண்டுக்கும் தனித்தனி வழி இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பொருளைத் தேடுவதால்தான் பலர் குழம்பிப் போகிறார்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

முதல் முறைக்கு உருளைக்கிழங்கு குரோக்கெட்டே நல்லது. அரை கிலோ கிழங்கில் 12 அல்லது 13 வரும். பொடியாக நறுக்கிய கேரட், பீன்ஸ், பட்டாணி எல்லாம் சேர்ந்து 100 கிராம். ஒரு சின்ன வெங்காயம் அல்ல, நடுத்தர பெரிய வெங்காயம் ஒன்று. பச்சை மிளகாய் இரண்டு, ஒரு துண்டு இஞ்சி, கொஞ்சம் கொத்தமல்லி, அரை டீஸ்பூன் மிளகுத் தூள், அரை டீஸ்பூன் கரம் மசாலா, ஒரு டீஸ்பூன் உப்பு. உள்ளே பிடிமானத்துக்குப் பிரெட் தூள் 3 டேபிள்ஸ்பூன், சோள மாவு ஒரு டேபிள்ஸ்பூன்.

சோள மாவு என்று நான் சொல்வது கடையில் கார்ன்ஃப்ளவர் என்று கிடைக்கும் வெள்ளை மாவை. மஞ்சளாக, கரகரப்பாக இருக்கும் மக்காச்சோள மாவை வாங்கிவிடாதீர்கள், அது இந்த வேலைக்கு உதவாது.

வெளிப்பூச்சுக்கு மைதா 4 டேபிள்ஸ்பூன், சோள மாவு ஒரு டேபிள்ஸ்பூன், 80 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. புரட்ட இன்னும் ஒன்றரை கப் பிரெட் தூள். தூவுவதற்குத் தனியாக இரண்டு ஸ்பூன் மைதா. பொரிக்கக் கடலை எண்ணெயோ சூரியகாந்தி எண்ணெயோ.

பிரெட் தூளை வீட்டிலேயே செய்வது சுலபம். முந்தின நாள் பிரெட்டைக் காற்றில் உலரவிட்டு, தோசைக்கல்லில் எண்ணெயில்லாமல் சிறு தீயில் மொறுமொறுப்பாக வாட்டி, ஆறியதும் மிக்ஸியில் விட்டு விட்டு அடித்தால் போதும். ரஸ்க்கைப் பொடித்தும் போடலாம். ஆனால் ரஸ்க்கில் சர்க்கரை இருப்பதால் சீக்கிரம் கறுக்கும். தீயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கிழங்கைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. புதிதாகத் தோண்டிய, தோல் நகத்தால் சுரண்டினாலே உரியும் கிழங்கில் ஈரம் அதிகம், மசித்தால் கொழகொழவென்று வரும். கொஞ்ச நாள் ஆன, தோல் தடித்த கிழங்கு வெந்ததும் மாவாக உதிரும். அதுதான் வேண்டும். கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், இனிப்புத் தட்டும், பொரிக்கும்போது உள்பக்கமும் பழுப்பாகும்.

ஈரத்தை விரட்டுவது

கிழங்கைத் தோலோடு, முழுசாக வேகவையுங்கள். நறுக்கித் தண்ணீரில் மூழ்கவிட்டால், வெட்டிய பக்கமெல்லாம் தண்ணீர் குடிக்கும். குக்கரில் அடியில் தண்ணீர் ஊற்றி, மேல் பாத்திரத்தில் தண்ணீரில்லாமல் கிழங்கை அடுக்கி, நடுத்தர அளவென்றால் 4 விசில் விடலாம். இட்லிப் பானையில் ஆவியில் வைத்தாலும் சரி. கத்தி முனை தடையில்லாமல் இறங்கினால் வெந்துவிட்டது. தோல் வெடித்துப் பிளக்கும் வரை விடாதீர்கள்.

சூடாக இருக்கும்போதே தோலை உரியுங்கள். உரித்ததை ஒன்றிரண்டாக உடைத்து, அடிகனமான வெறும் கடாயில் போட்டு, சிறு தீயில் 2 அல்லது 3 நிமிடம் புரட்டிக்கொண்டே இருங்கள். முதலில் நிறைய ஆவி வரும். அப்புறம் ஆவி குறைந்து, கடாயின் அடியில் மெல்லிய வெள்ளைப் படலம் ஒட்ட ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் இறக்கிவிடலாம். முட்டை இல்லாத குரோக்கெட்டில் இந்த மூன்று நிமிடத்துக்கு ஈடான வேலை வேறு எதுவும் கிடையாது. எந்த மாவையும் குறைக்கலாம், மாற்றலாம். இதை மட்டும் விடாதீர்கள்.

சூட்டோடு மசியுங்கள். ஆறின கிழங்கு கட்டிகட்டியாகத்தான் மசியும், ஒவ்வொரு கட்டியும் பின்னால் ஒரு விரிசலாக வரும். மத்தால் மசிக்கலாம், துருவியில் துருவலாம். முறுக்கு உழக்கில் காராசேவு அச்சைப் போட்டு அழுத்தினால் கட்டியே இல்லாமல் இழை இழையாக விழும். மிக்ஸியில் மட்டும் அடிக்காதீர்கள். மாவுச்சத்து உடைந்து வெளியேறிப் பசைபோல இழுபடும், வாயில் வைத்தால் ரப்பராக இருக்கும். மசித்ததை அகலமான தட்டில் பரப்பி முழுவதும் ஆறவிடுங்கள். மூடி வைக்கக் கூடாது. மூடினால் ஆவி மூடியில் தண்ணீராகி மறுபடி கிழங்கிலேயே விழும்.

காய்களிலும் இதே கவனம் வேண்டும். வெங்காயத்தைப் பச்சையாகச் சேர்த்தால் உப்புப் பட்டதும் தண்ணீர் விடும். இரண்டு டீஸ்பூன் எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, மிளகாயை வதக்கி, பொடியாக நறுக்கிய காய்களையும் சேர்த்து, ஈரம் சுண்டும் வரை வதக்குங்கள். காய்களைத் தனியாக வேகவைக்க வேண்டாம். ஃபுரோசன் பட்டாணி என்றால் பனி விட்டபின் துணியில் ஒற்றி எடுங்கள். கொத்தமல்லியைக் கழுவிய ஈரத்தோடு போடாதீர்கள். இதையெல்லாம் பெரிதாக நினைக்க மாட்டோம், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் தண்ணீர் உள்ளே போய்விடுகிறது.

உள்ளே என்ன சேர்ப்பது

எல்லாம் ஆறியபின் கிழங்கு, காய், மசாலா, பிரெட் தூள், சோள மாவு சேர்த்து விரல் நுனியால் கலந்துகொள்ளுங்கள். உப்பைக் கடைசியில் போடுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசைய வேண்டாம். ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து உருட்டிப் பாருங்கள். கையில் ஒட்டாமல், விரிசல் விடாமல் உருண்டால் பதம் சரி. ஒட்டினால் இன்னும் ஒரு ஸ்பூன் பிரெட் தூள். உலர்ந்து வெடித்தால் ஒரு ஸ்பூன் பாலோ எண்ணெயோ.

பிரெட் தூள் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சோள மாவு சூட்டில் இறுகிப் பிடிக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் முட்டையின் உள்வேலை முடிந்தது. பிரெட் தூள் வேண்டாம் என்றால் என் முதல் தேர்வு பொட்டுக்கடலை மாவு. ஏற்கெனவே வறுத்தது என்பதால் பச்சை வாசனை வராது, ஈரத்தை நன்றாக இழுக்கும், ருசியும் கூடும். அரை கிலோ கிழங்குக்கு 3 டேபிள்ஸ்பூன் போதும். கெட்டி அவலைக் கழுவி, உடனே பிழிந்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பிசைந்து சேர்ப்பதும் நல்ல வழி.

கடலை மாவைப் பச்சையாகப் போட்டால் உள்ளே வேகாமல் வாசனை அடிக்கும். வாசனை போக வறுத்துச் சேர்க்க வேண்டும். அரிசி மாவு உள்ளே போட்டால் பொலபொலவென்று உதிர்கிறது, அதை வெளிப்பூச்சுக்கு வைத்துக்கொள்ளலாம். மைதாவை உள்ளே அதிகம் சேர்த்தால் களிபோல் ஆகிவிடும். ஆளி விதைப் பொடி ஒரு ஸ்பூனுக்கு மூன்று ஸ்பூன் தண்ணீர் என்று கரைத்து முட்டைக்குப் பதில் போடும் முறை இப்போது பரவலாக இருக்கிறது. கேக்குக்கு அது சரி. குரோக்கெட்டில், பாடுபட்டு விரட்டிய தண்ணீரை அது மறுபடி உள்ளே கொண்டுவருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

உருளைக்கிழங்கே வேண்டாம் என்பவர்கள் வாழைக்காயை முயன்று பார்க்கலாம். தோலோடு ஆவியில் வேகவைத்துத் துருவினால் ஈரம் குறைவாக, தானாகவே பிடித்துக்கொள்ளும். மரவள்ளிக்கிழங்கு இன்னும் இறுக்கம். நன்றாக வெந்ததை நார் நீக்கிச் சூட்டோடு மசித்தால் வேறு மாவே தேவைப்படாது.

உருட்டுவது, புரட்டுவது

கலவையை மூடி ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். ஆறிய மாவுச்சத்து குளிரில் இறுகும், உருட்ட எளிதாக இருக்கும். அவசரமென்றால் அரை மணி நேரமாவது.

உள்ளங்கையில் லேசாக எண்ணெய் தடவி, எலுமிச்சை அளவு எடுத்து முதலில் உருண்டையாக்கி, பிறகு பலகையில் வைத்து உருட்டி சுமார் 7 செ.மீ. நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். இரு முனையையும் பலகையில் தட்டித் தட்டையாக்குங்கள். கூம்பிய முனை சீக்கிரம் கருகும், அங்கேதான் முதலில் வெடிக்கும். கண்ணுக்குத் தெரியும் விரிசல் எல்லாவற்றையும் எண்ணெய் விரலால் நீவி மூடுங்கள். தண்ணீர் தொட்டு நீவ வேண்டாம்.

இப்போது மைதா, சோள மாவு, உப்பைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். பதம் பார்க்க விரலை முக்கி எடுங்கள். விரலின் நிறம் தெரியாதபடி மூடியிருக்க வேண்டும், இரண்டு மூன்று சொட்டு விழுந்தபின் சொட்டுவது நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஒழுகினால் நீர்த்துவிட்டது, ஒரு ஸ்பூன் மைதா சேருங்கள். பஜ்ஜி மாவு போல் திட்டுத்திட்டாகப் படிந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர். சோள மாவு அடியில் தங்கும் என்பதால் அவ்வப்போது கலக்கிவிடுங்கள்.

முதலில் குரோக்கெட்டை உலர்ந்த மைதாவில் உருட்டி, அதிகமானதைத் தட்டிவிடுங்கள். இதைத் தவிர்த்தால் எண்ணெய் தடவிய வழவழப்பில் கரைசல் பிடிக்காது. அப்புறம் கரைசல், அப்புறம் பிரெட் தூள். ஒரு கை கரைசலுக்கு, மறு கை தூளுக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே கையை வைத்தால் குரோக்கெட்டை விட விரல்களில்தான் பூச்சு தடிமனாக ஏறும். தூளில் புரட்டியபின் லேசாக அழுத்தி, முனைகளிலும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெறும் இடம் ஒரு மிளகளவு இருந்தாலும் ஆவி அதைக் கண்டுபிடித்துவிடும். எல்லாம் முடிந்ததும் தட்டில் இடைவெளி விட்டு அடுக்கி, மூடாமல் 20 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். பூச்சு கெட்டிப்படும்.

பொரிப்பது

உள்ளே இருப்பதெல்லாம் வெந்ததுதான். மேல் ஓடு இறுகி, உள்ளே சூடேறினால் போதும். அதனால் எண்ணெய் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சிட்டிகை பிரெட் தூளைப் போடுங்கள். அடியில் தங்கினால் சூடு போதாது. போட்டவுடனே கறுத்தால் அதிகம். உடனே மேலே வந்து நுரைத்து, நிதானமாகப் பொன்னிறமானால் சரி.

முதலில் ஒன்றே ஒன்றைப் போட்டுப் பொரித்துப் பாருங்கள். இது கட்டாயம். அது உடைந்தால் மீதி பன்னிரண்டையும் காப்பாற்ற இன்னும் வழி இருக்கிறது. நன்றாக வந்தால் உப்பு, காரம் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று நான்காகப் போடுங்கள், அதிகம் போட்டால் எண்ணெய் சட்டென்று ஆறிவிடும். ஜல்லிக் கரண்டியில் வைத்து மெதுவாக இறக்கிவிட்டு, முதல் ஒரு நிமிடம் தொடவே தொடாதீர்கள். அந்த நேரத்தில்தான் கரைசலில் உள்ள மாவு வெந்து ஓடாக மாறுகிறது. அதற்குள் கரண்டியால் புரட்டினால் இளம் ஓடு கிழியும். நுரை அடங்க ஆரம்பித்ததும் திருப்பி, எல்லாப் பக்கமும் சிவந்ததும் எடுத்துவிடுங்கள். மொத்தம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காகிதத்தில் குவித்து வைத்தால் அடிப்பக்கம் வியர்த்து நமத்துப் போகும். கம்பித் தட்டில் தனித்தனியாக வையுங்கள். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் எண்ணெயில் உதிர்ந்த தூளை உலோக வடிகட்டியால் அள்ளிவிடுங்கள். அது கருகி அடுத்த ஈட்டில் ஒட்டிக் கசக்கும்.

ஒன்று உடைந்தால் காரணத்தை அதன் உடைப்பே சொல்லும். நீளவாக்கில் ஒரே கோடாகப் பிளந்தால், உருட்டும்போது விட்ட விரிசல் அல்லது உள்ளே ஈரம். மீதியை மறுபடி கரைசலில் முக்கித் தூளில் புரட்டி இரட்டைப் பூச்சு கொடுத்தால் பெரும்பாலும் தப்பிக்கும். பூச்சு மட்டும் தோலாகக் கழன்றால், உலர்ந்த மைதாவில் புரட்டாதது அல்லது கரைசல் நீர்த்தது. மொத்தமாகக் கரைந்து எண்ணெயில் பரவினால் கலவையே தளர்வு. அப்போது பொரிப்பதை நிறுத்திவிட்டு, மீதியைத் தட்டையாகத் தட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் விட்டுக் கட்லெட்டாக வாட்டி எடுங்கள். சாப்பிட அதுவும் அருமையாகவே இருக்கும்.

எண்ணெய் குறைக்க நினைப்பவர்கள் உருண்டையாகப் பிடித்துக் குழிப்பணியாரக் கல்லில் போடலாம். குழி உருண்டையைத் தாங்கிக்கொள்வதால் உடையும் பயமும் குறைவு.

வெள்ளை சாஸ் குரோக்கெட்

கிழங்கில் கை பழகியபின் ஸ்பெயின் முறைக்குப் போகலாம். 60 கிராம் வெண்ணெயில் 60 கிராம் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, அரை லிட்டர் சூடான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, சிறு தீயில் 10 முதல் 15 நிமிடம் விடாமல் கிளற வேண்டும். கடாயின் ஓரத்தை விட்டு ஒரே திரளாகச் சுருண்டு வரும்போது, நீர் சுண்ட வதக்கிய காளானோ ஸ்வீட் கார்னோ சேர்த்து இறக்குங்கள். தட்டில் ஊற்றி, மேலே ஏடு கட்டாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் தாளை அதன்மேல் படும்படி மூடி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வெட்டி உருட்டலாம். உள்ளே முட்டையே தேவையில்லை, மாவும் பாலும்தான் பிடிமானம். ஆனால் எண்ணெயில் சூடேறியதும் உள்ளிருப்பது இளகும் என்பதால் வெளியே இரட்டைப் பூச்சு கட்டாயம்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்குச் செய்யும்போது

புரட்டாசி மாதத்துக்காகவோ சைவப் பழக்கத்துக்காகவோ முட்டையைத் தவிர்ப்பது ஒரு விதம். வீட்டில் முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தை இருப்பது வேறு விதம். அங்கே கொஞ்சமும் அசட்டை கூடாது. சில வகை பன், பிரெட்டில் முட்டை சேர்ப்பார்கள், மேல்பூச்சாகவும் தடவுவார்கள். இந்தியாவில் முட்டை சேர்ந்த பொட்டலத்தில் பச்சைப் புள்ளி போடக் கூடாது என்பது விதி, அதனால் புள்ளியைப் பாருங்கள். அதோடு நிற்காமல், ஒவ்வாமை குறித்துக் கீழே சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதையும் படியுங்கள். பேக்கரியில் பொட்டலமில்லாமல் வாங்கும் பிரெட் தூளை இந்த வீடுகளில் தவிர்ப்பதே பாதுகாப்பு. முட்டை சேர்த்த பண்டம் பொரித்த எண்ணெயையும் மறுபடி பயன்படுத்தாதீர்கள்.

மீந்ததைப் பற்றி ஒன்று. பொரிக்காத குரோக்கெட்டுகளைத் தட்டில் ஒட்டாமல் அடுக்கி ஃபிரீசரில் கல்லாக உறையவைத்து, பிறகு டப்பாவுக்கு மாற்றினால் ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். வேண்டியபோது பனியை உருகவிடாமல் நேராக எண்ணெயில் போடுங்கள். உருகவிட்டால் மேலே தண்ணீர் கோத்துப் பூச்சு கழன்றுவிடும். தீயை வழக்கத்தை விடச் சற்றுக் குறைத்து, இரண்டு நிமிடம் கூடுதலாக விட்டால் நடுப்பகுதியும் சூடாகிவிடும்.